பழைய ரவுண்ட் கலர் பிக்சர் ட்யூப் தேடுறவங்களுக்கு - கேள்வி பதில்

ஆர்சிஏ கம்பெனியோட பழைய கலர் டிவி சிடி-100 பத்தி எழுதினதிலேந்து ஆளாளுக்கு கேள்வி அனுப்பிட்டே இருக்கீங்க, தனித்தனியா பதில் போடுறதுக்கு எல்லாத்தையும் இங்கயே சேர்த்து போட்டுடறேன். நான் இருக்கறது ஒஹையோ பக்கம், அமெரிக்காவோட முதல் கலர் டிவிகள்ல படம் காட்டற, முகம் வட்டமா இருக்கற கண்ணாடி பிக்சர் ட்யூப்கள்தான் நான் சேர்க்கறது.

கேள்வி: அண்ணா, சிடி-100 அவ்ளோ பழைய செட், அதுல நூறு பார்ட் இருக்கும், நீங்க ஏன் பிக்சர் ட்யூப் பத்தி மட்டும் பேசுறீங்க?

பதில்: மத்ததெல்லாம் கிடைக்கும் தம்பி, அதான். 1953 டிசம்பர்ல என்டிஎஸ்சிங்கற அமெரிக்க கலர் டிவி முறைக்கு அனுமதி கிடைச்சுது, அடுத்த சில மாசத்துல, 1954 வசந்தத்துல ஆர்சிஏ தன்னோட ப்ளூமிங்டன் ஃபேக்டரிலேந்து சிடி-100 விட்டாங்க, விலை ஆயிரம் டாலர், அன்னிக்கு அது சாதாரண காசு இல்ல. உள்ள இருக்கற 36 வால்வும் இன்னிக்கும் தேடினா கிடைக்கும், கெபாசிட்டர் மாத்திக்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் கூட சுத்திக்கலாம். ஆனா 15ஜிபி22ங்கற அந்த ட்யூப்ப யாரும் புதுசா செய்யப் போறதில்ல. செய்யற முறையே வேற அதுல, கலர் புள்ளிகள் முகக் கண்ணாடில இல்ல, உள்ள தனியா ஒரு தட்டைக் கண்ணாடி வச்சு அதுல 5,85,000 புள்ளி பதிச்சிருப்பாங்க, அதுக்குப் பின்னால தட்டையான ஷேடோ மாஸ்க், அதாவது ஒவ்வொரு கலர் கதிரும் அதோட புள்ளில மட்டும் விழற மாதிரி ஓட்டை போட்ட தகடு. பேருதான் 15 இஞ்ச், படம் குறுக்க பதினொன்றரை இஞ்ச்தான் வரும். ஆனா அந்த பச்சையும் சிவப்பும் இருக்கே! பின்னாடி வந்த ட்யூப்ல வெளிச்சத்துக்காக சல்ஃபைட் பாஸ்பர் (ஒளி விடற பூச்சு) போட்டாங்க, வெளிச்சம் ஏறிச்சு, பச்சையோட அடர்த்தி போயிடுச்சு. ஓடுற 15ஜிபி22 ஒண்ண இருட்டு ரூம்ல பாத்தவங்க யாரும் அந்த கலர மறக்க மாட்டாங்க.

கேள்வி: அப்புறம் ஏன் பாதிக்கு மேல செத்துப் போச்சுன்னு சொல்றாங்க? யூஸ் பண்ணி பண்ணி வீக் ஆச்சா?

பதில்: இல்ல, ஓடி ஓடி செத்தது கம்மி. ட்யூப் உள்ள காத்தே இல்லாத வேக்குவம் இருக்கணும், அதுல காத்து ஏறி செத்ததுதான் நிறைய. உள்ள தட்டு, மாஸ்க் எல்லாம் வைக்கணும்ல, அதனால கண்ணாடி கூட்ட ரெண்டு பாகமா செஞ்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு இரும்பு விளிம்ப ஒட்டி, கடைசில அந்த ரெண்டு விளிம்பையும் வெல்டு பண்ணி மூடினாங்க. கண்ணாடியும் இரும்பும் சேர்ற அந்த இடம்தான் காலப்போக்குல லீக் ஆகுது. ஒரு நாள் கூட ஆன் பண்ணாம பெட்டிலயே இருந்த புது ட்யூப் கூட இப்படி போயிருக்கு. அதனால "பிரிக்காத பாக்ஸ்"னு யாராவது சொன்னா உடனே காசு எடுக்காதீங்க.

கேள்வி: சார், வாங்கறதுக்கு முன்னாடி எப்படி செக் பண்றது? செட் முழுசா ஆன் பண்ணி பாக்கலாமா?

பதில்: தயவு செஞ்சு ஆன் பண்ணிடாதீங்க. எழுபது வருஷ கெபாசிட்டர் ஷார்ட் ஆச்சுன்னா பவர் டிரான்ஸ்ஃபார்மரும் போயிடும். முதல்ல கண்ணால பாருங்க, நெக் (ட்யூப்போட ஒல்லியான பின்பக்கக் கழுத்து) பக்கம் கெட்டர், அதாவது உள்ள மிச்சமிருக்கற காத்த உறிஞ்ச வச்ச உலோகத் திட்டு, தெரியற ட்யூபா இருந்தா அந்த திட்டு பளபளன்னு இருக்கணும், பால் மாதிரி வெளுத்திருந்தா காத்து ஏறிடுச்சு, கதை முடிஞ்சுது. அப்புறம் சாக்கெட்ட கழட்டிட்டு ஃபிலமென்ட்டுக்கு தனி சப்ளைலேந்து ரெண்டு மூணு வோல்ட் மட்டும் குடுத்து லைட்ட அணைச்சுட்டு பாருங்க, மங்கலா சிவப்பு தெரிஞ்சா நம்பிக்கை இருக்கு, தெரியலன்னா 6.3 வோல்ட் வரைக்கும் ஏத்தி அடம் பிடிக்காதீங்க, உள்ள காத்து இருந்தா ஃபிலமென்ட் எரிஞ்சு போகும், அப்புறம் ரீபில்டு பண்ண (பழைய ட்யூப்ப திறந்து சரி பண்ணி ஓட வைக்க) நினைக்கறவனுக்கும் வேலை கூடிடும். இது சரியா இருந்தா ட்யூப் டெஸ்டர் போட்டு கலருக்கு ஒண்ணா இருக்கற மூணு எலக்ட்ரான் கன்னோட எமிஷன (எவ்ளோ எலக்ட்ரான் விடுதுன்னு) தனித்தனியா பாருங்க. விக்கறவர் இதுக்கு ஒத்துக்கலன்னா செத்த ட்யூப்புக்கு என்ன விலையோ அதத்தான் பேசணும், அதுல கூச்சமே வேண்டாம்.

கேள்வி: எங்க தேடுறது? ஆன்லைன்ல விலை எல்லாம் எட்டாத உயரத்துல இருக்கு.

பதில்: ஆன்லைன கடைசியா வச்சுக்கோங்க. அமெரிக்கால இருக்கறவங்களுக்கு சொல்றேன், மூடிப்போன டிவி ரிப்பேர் கடைகளோட பின்ரூம், பழைய வால்வு டிஸ்ட்ரிபியூட்டரோட குடோன், வயசானவங்க வீட்டு சாமான் விக்கற எஸ்டேட் சேல், இந்த மூணும்தான். மெக்கானிக் ஒருத்தர் அம்பது வருஷம் கடை நடத்தியிருந்தா மேல பரண்ல ரெண்டு ட்யூப் அட்டைப்பெட்டியோட இருக்கும், குடும்பத்துக்கு அது என்னன்னே தெரியாது, குப்பைக்கு போறதுக்கு முன்னாடி நாம போய் நிக்கணும். அட்டைப்பெட்டி மேல இருக்கற நம்பர மட்டும் நம்பாதீங்க, கழட்டின பழைய ட்யூப்ப புது ட்யூப்போட பெட்டில போட்டு வைக்கறது அந்தக் கடைகள்ல சகஜம், ட்யூப்ல இருக்கற நம்பர பாருங்க. இன்னொரு வழி, கேபினெட் உடைஞ்ச செட்ட ட்யூப்புக்காகவே வாங்கறது. 21எஃப்ஜேபி22ங்கற ரவுண்ட் ட்யூப் அறுபதுகள்ல பல கம்பெனி செட்ல போட்டது, கேபினெட் போன ஒரு செட்லேந்து நல்ல ட்யூப் கிடைக்க நல்ல சான்ஸ் இருக்கு.

கேள்வி: புதுசா ஆரம்பிக்கறவன் எதுல ஆரம்பிக்கணும் அண்ணா?

பதில்: 15ஜிபி22ல கண்டிப்பா இல்ல. 1954 கடைசில வந்த 21ஏஎக்ஸ்பி22லயும் வேண்டாம், அதோட கூம்பு முழுக்க மெட்டல், அந்த மெட்டல் முழுக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல நிக்கும், மேல இருக்கற பிளாஸ்டிக் உறைதான் உங்களுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கற ஒரே பாதுகாப்பு. அதுலயும் கண்ணாடி - மெட்டல் லீக் தொல்லை உண்டு. அப்புறம் வந்த முழு கண்ணாடி ட்யூப்கள், 21சிஒய்பி22, 21எஃப்பிபி22, 21எஃப்ஜேபி22, இதுங்க வேக்குவத்த நல்லா பிடிச்சு வச்சிருக்கு. அறுபதுகளோட ரவுண்ட் செட் ஒண்ணு எடுத்து கன்வர்ஜென்ஸ் பண்ணிப் பழகுங்க, மூணு கலரையும் ஓரம் வரைக்கும் சேர்த்துக் கொண்டு வர்றதுக்குள்ள பாதி பாடம் கத்துக்குவீங்க.

கேள்வி: என் 21எஃப்ஜேபி22 ஓரமெல்லாம் பூஞ்சை பூத்த மாதிரி இருக்கு, ட்யூப் போச்சா?

பதில்: ட்யூப்புக்கு ஒண்ணும் ஆகல, சந்தோஷமா இருங்க. முன்னாடி ஒட்டின சேஃப்டி கண்ணாடிக்கும் ட்யூப்புக்கும் நடுவுல இருக்கற பசை கெட்டுப்போச்சு, இங்க இதுக்கு கேட்டராக்ட்னே பேரு. மெதுவா சூடு காட்டி, பசை இளகினதும் மெல்லிசு கம்பி விட்டு அறுத்து கண்ணாடிய எடுத்துடலாம், சுத்தம் பண்ணி திரும்ப வைக்கணும், அது இல்லாம செட்ட ஓட்டக்கூடாது. அவசரப்பட்டு ஒரே இடத்துல சூடு குடுத்தா ட்யூப் விரிசல் விடும், அதனால ஒரு நாள் முழுசா இதுக்குன்னு ஒதுக்கிட்டு, முகத்துக்கு கவசம், கைக்கு கனமான கிளவுஸ் போட்டுட்டு உக்காருங்க.

கேள்வி: ட்யூப் டல்லா இருக்கு, நம்ம ஊர் மெக்கானிக் மாதிரி பூஸ்ட் பண்ணலாமா?

பதில்: ஃபிலமென்ட் வோல்டேஜ கொஞ்சம் ஏத்துற பிரைட்னர்னா பரவால்ல. கேத்தோட்ல (கன்ல எலக்ட்ரான் விடற பாகம்) கரண்ட் பாய்ச்சி உசுப்புற ரெஜுவனேட்டர அரிய ட்யூப்கிட்ட கொண்டு போகாதீங்க, ஒரு தடவை நல்லா வரும், அடுத்த தடவை கேத்தோடே உதிர்ந்துடும்.

கேள்வி: சென்னைல தேடினா இந்த ரவுண்ட் ட்யூப் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது, அலையாதீங்க. இந்தியாவுக்கு கலர் வந்ததே 1982ல, ஏசியன் கேம்ஸ் சமயத்துல, அதுக்குள்ள ரவுண்ட் ட்யூப் காலம் எங்கயுமே முடிஞ்சு சதுர ட்யூப் வந்தாச்சு. அங்க இருந்துட்டு சேர்க்கணும்னா உள்ளூர்ல செஞ்ச பழைய பிளாக் அண்ட் ஒயிட் ட்யூப்ப சேருங்க, அத காப்பாத்தவும் ஆள் வேணும்.

கேள்வி: என்கிட்ட காத்து ஏறின 15ஜிபி22 ஒண்ணு மாட்டிருக்கு. ஷோவுக்கு வச்சுக்கவா, தூக்கிப் போடவா?

பதில்: தூக்கிப் போடவே போடாதீங்க! கண்ணாடி உடையாத ட்யூப் ஒவ்வொண்ணும் ரீபில்டுக்கு கூடு. அயோவால டெ மாய்ன்ல இருந்த ஹாக்ஐ கம்பெனிதான் அமெரிக்கால கடைசியா ட்யூப் ரீபில்டு பண்ணிட்டிருந்தது, அவங்க மூடினப்போ அந்த மெஷின்களை ஒஹையோ ஹில்லியர்ட்ல இருக்கற எர்லி டெலிவிஷன் மியூசியம் எடுத்துக்கிட்டாங்க. பழைய நெக்க அறுத்து, புது கன் ஒட்டி, ஓவன்ல வச்சு காத்த உறிஞ்சி எடுக்கணும். 15ஜிபி22ல அந்த இரும்பு விளிம்பு சூடுல லீக் ஆகாம பாத்துக்கறதுதான் பெரிய போராட்டம், ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு மாதிரி. அதனால உங்க ட்யூப்ப முகம் கீழ, நெக் மேல இருக்கற மாதிரி தடிமனான ஃபோம்ல வச்சு, விளிம்புல துரு ஏறாம ஈரம் இல்லாத ரூம்ல வைங்க. நெக்க பிடிச்சு தூக்கவே கூடாது. வித்துடலாம்னு தோணினா காட்சிக்கு வைக்கறவங்ககிட்ட குடுக்காம ரீபில்டுல இறங்கினவங்ககிட்ட குடுங்க, காசு கொஞ்சம் கம்மியா வந்தாலும் சரி.