திருகோணமலையில் இருந்து நகரத் திட்டமிடலும் போக்குவரத்துக் கொள்கையும் படிக்கலாமா?

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் திருகோணமலையில் வீட்டில் இருக்கிறேன். நகரத் திட்டமிடல், போக்குவரத்துக் கொள்கை இரண்டிலும் ஆசை. "ரோட்டுப் போடுறதுக்கு எஞ்சினியரிங் படிக்கலாமே, இது என்ன படிப்பு" என்று அப்பா கேட்கிறார். படித்தவர்கள் சொல்லுங்கள்.

தாராளமாகப் படியுங்கள். நான் உப்புவெளியில் வளர்ந்தவன், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் படித்தேன், இன்றைக்கும் இதே வேலைதான்.

அப்பாவின் கேள்வி நியாயமானது. வீதியை எப்படிப் போடுவது என்பது எஞ்சினியரின் வேலை. எந்த ஊர்ச்சனம் எங்கே போய்ச்சேர முடியாமல் நிற்கிறது, அதற்கு வீதி வேண்டுமா, பஸ் வேண்டுமா, இல்லை வாரத்தில் ஒருநாள் கிளினிக்கையே ஊருக்குக் கொண்டுபோனால் போதுமா என்று கேட்டுப் பார்ப்பதுதான் எங்கள் படிப்பு.

இரண்டாம் வருட விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அனுராதபுரச் சந்தியில் வாகனம் எண்ணும் வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்குப் போய் நிற்க வேண்டும். கையில் ஒரு அட்டை, அதில் படிவம், கார், வான், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், பஸ் என்று தனித்தனி நிரல், நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழு மணியளவில் கந்தளாய்ப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது, மிதிபலகையில் பையன்கள் தொங்குகிறார்கள், கண்டக்டர் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்திருக்கிறார். ஒரு கோடு போட்டேன். அதன் பின்னால் சாரதி மட்டும் இருந்த ஒரு ஜீப். அதற்கும் ஒரு கோடு. பிறகு அலுவலகத்தில் இந்தக் கோடுகளையெல்லாம் கார் கணக்குக்கு மாற்றுவார்கள், பஸ் என்றால் இரண்டு மூன்று கார், மோட்டார் சைக்கிள் என்றால் அரைக் காருக்கும் குறைவு. வீதியில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்க அது சரியான கணக்குத்தான். ஆனால் அந்த பஸ்ஸில் அறுபது எழுபது பேர் வந்தார்கள் என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. பஸ் நிற்காமல் போனதால் தரிப்பிடத்தில் விடுபட்ட ஆசிரியைகளுக்கும் இடமில்லை. இப்படி வாகனத்தை மட்டும் எண்ணினால் கடைசியில் வீதியை அகலமாக்கு என்ற பதில்தான் வரும், அகலமாக்கினால் இன்னும் வாகனம் வந்து அதையும் நிரப்பும். அன்றைக்குப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஆட்களை எண்ணத் தொடங்கினேன், அதுவே பிறகு என் இறுதியாண்டு ஆய்வாக ஆனது.

நம்முடைய மாவட்டத்தில் இந்தப் படிப்பை உணர்வதற்குப் புத்தகமே தேவையில்லை. ஆற்றைக் கடக்கிற மிதவையைத்தான் நம் பக்கம் 'பாதை' என்போம், இல்லையா? 2009-ல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பாதைதான் கிண்ணியாச் சனத்துக்கு வழி. மூதூர் ஆட்கள் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்து வந்தார்கள். நோயாளியோ கர்ப்பிணியோ, தண்ணீர் ஓரம் வந்து காத்துத்தான் ஆக வேண்டும். பாலம் வந்த பிறகு திருகோணமலை ஆஸ்பத்திரி ஒரு அடிகூட நகரவில்லை, ஆனாலும் கிண்ணியாவுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. 'அடைதகைமை' என்று பாடத்தில் வருகிற சொல்லுக்கு இதுதான் பொருள்.

அப்புறம் 2021 நவம்பர் 23. கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்து வேலை நடந்துகொண்டிருந்த காலம், இடையில் சனம் கடப்பதற்கு ஓடிய மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்துபோனார்கள். பாலம் தேவையில்லை என்று யாருமே சொல்லவில்லை. பாலம் கட்டி முடியும்வரை பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் போவார்கள் என்பதும் பாலத்தின் திட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டிய கேள்வி. எனக்கு இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது. இதைக் கேட்டே ஆக வேண்டும் என்று நிற்கிற ஆள் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது இருக்க வேண்டும், அந்த ஆளாக நீங்கள் வர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கொள்கைப் பக்கம் வேறு மாதிரி. கொழும்புக் கோட்டையிலிருந்து மாலபேக்கு இலகு ரயில் போட ஜப்பான் கடனுதவியோடு வருடக்கணக்கில் ஆய்வு செய்து, வரைபடம் போட்டு, 2020-ல் அரசு ஒரே முடிவில் அதை நிறுத்தியது. பணம் எங்கிருந்து வருகிறது, யார் கையெழுத்து வைக்கிறார்கள், ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்று தெரியாமல் வரைபடம் மட்டும் கீறத் தெரிந்து பயனில்லை. பொருளியல், சட்டப் பாடங்களை மற்றவர்கள் மாதிரி ஒப்புக்குப் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். மொறட்டுவையில் கட்டடக்கலைப் பீடத்தின் கீழ் நகர, கிராமத் திட்டமிடல் நான்கு வருடச் சிறப்புப் பட்டம். போக்குவரத்து, தளவாடம் (பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாடு) பற்றிய படிப்பும் அதே பல்கலைக்கழகத்தில் தனிப் பட்டமாக இருக்கிறது. முதலில் சொன்ன திட்டமிடல் பட்டம் கணிதப் பிரிவு எடுத்தவர்களுக்கு மட்டுமானது அல்ல, உங்கள் பாடச் சேர்க்கை பொருந்துமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருடக் கைநூலில் பாருங்கள், பழைய கைநூலை நம்ப வேண்டாம். வேலை நகர அபிவிருத்தி அதிகார சபை, உள்ளூராட்சி மன்றங்கள், தனியார் ஆலோசனை நிறுவனங்கள் என்று கிடைக்கும். அரச நியமனம் தாமதமாகலாம், அதை வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.

விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். முதல் ஆறு மாதம் எனக்குப் பாதி விளங்கவில்லை, பிறகு பழகிவிட்டது. சிங்களம்தான் பிந்தி வந்தது. திணைக்களக் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான் ஓடும், நிலாவெளி மீனவர் சொன்னதை நான் மனதுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அப்படி இரண்டு தடவை சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே எழும்பி வந்திருக்கிறேன். பெறுபேறு வர இன்னும் மாதங்கள் இருக்கிறதல்லவா, நாளைக்கே ஒரு சிங்கள வகுப்பில் சேருங்கள்.