கனூலாவை ஏன் மாற்றுகிறோம்?

வணக்கம் ஐயா,

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் படித்துவிட்டு வடக்கில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். நியமனம் கிடைத்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. சான்றுசார் மருத்துவத்தில், அதாவது வழக்கத்தை நம்பாமல் ஆய்வுகளைப் பார்த்துச் சிகிச்சை செய்வதில், ஆர்வமுள்ள, தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கென்று சர்வதேச வலையமைப்புகள் இருக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஆராய்கிற கொக்ரேன் அமைப்பிலும் அப்படி ஒரு குழு இருக்கிறது. சேரலாமா என்று யோசிக்கிறேன். கூட்டங்கள் எங்கள் நேரத்துக்கு இரவில் நடக்கும். ஆங்கிலத்தில் வாய் திறக்கப் பயம். கூட வேலை செய்பவர்கள் "வெளிநாடு போக வழி பார்க்கிறாள்" என்கிறார்கள். எங்கள் வோட்டில் கனூலாவை, அதாவது மருந்து ஏற்ற நரம்பில் போடுகிற சிறு குழாயை, மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுவோம். ஏன் என்று கேட்டால் "அதுதான் வழக்கம்" என்பார்கள். இப்படி ஓர் இடத்தில் இருந்துகொண்டு உலகத்தோடு பேச எனக்கு என்ன இருக்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியரான கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த மண் இது என்று நினைக்கும்போது கவலையாக இருக்கிறது. சேர்ந்தால் உண்மையில் பயன் உண்டா? எந்தப் பாடநெறியை முதலில் படிக்கலாம்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் சிற்றப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தோம். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நியூமோனியா. புறங்கையில் கனூலா, அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டர், பிளாஸ்டரில் நீலப் பேனையால் எழுதிய தேதி. மூன்றாம் நாள் ஒரு தாதி வந்து அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுக் கழற்றினார். கை வீங்கவில்லை, சிவக்கவில்லை, மருந்து ஒழுங்காக ஏறிக்கொண்டுதான் இருந்தது. மற்றக் கையில் நரம்பு தேடினார். குத்தினார், நழுவிவிட்டது. திரும்பவும் குத்தினார். சிற்றப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்தார். அந்தத் தாதிக்கும் முகம் வாடிப்போயிற்று. "ஏன் பிள்ளை, நல்லாத்தானே இருந்தது?" என்று கேட்டேன். "மூண்டு நாளைக்கு மேல வைக்கக் கூடாது ஐயா, அதுதான் முறை" என்றார்.

அவரில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். சொல்லிக்கொடுத்ததைக் கவனமாகச் செய்தார். ஆனால் அந்த முறை எங்கிருந்து வந்தது என்ற யோசனை என்னை விடவில்லை. அப்படி இருக்கும்போதுதான் உங்கள் கடிதத்தின் நடுவில் அதே கனூலா.

முதலில் மற்றவற்றை முடித்துவிடுகிறேன். இரவில் கூட்டமா? நைட் டியூட்டி செய்கிற பிள்ளைக்கு இடைக்கிடை ஓர் இரவு விழித்திருப்பது பெரிய காரியம் இல்லை. ஆங்கிலமா? அங்கே வருகிறவர்களில் பலருக்கு அது தாய்மொழி இல்லை. தடுமாறித் தடுமாறிப் பேசுங்கள், கேட்பார்கள். வெளிநாடு போகப் பார்க்கிறாள் என்கிறார்களா? சொல்லட்டும். போவதென்றாலும் அது உங்கள் உரிமை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புறப்பட்ட டொக்டர்மாரையும் தாதிமாரையும் குறைசொல்ல எனக்கு வாய் வராது. கிறீன் வைத்தியரைக் கொஞ்சக் காலம் நிம்மதியாக இருக்க விடுங்கள். அவரைப் பற்றி நாங்கள் பேசாத மேடை இல்லை. அப்படிப் பேசிய பெரியவர்களில் எத்தனை பேர், இன்றைக்கு வோட்டில் நிற்கிற ஒரு பிள்ளையின் கேள்வியைக் காதில் வாங்கினார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

ஆனால் ஒரு வரிக்காக உங்களைக் கோபிக்கத்தான் வேண்டும். "உலகத்தோடு பேச எனக்கு என்ன இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன பிள்ளை இது? அதற்கு முந்தின வரியில் என்ன எழுதினீர்கள் என்று நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கனூலாவை மூன்று நாளுக்கு ஒருமுறை ஏன் மாற்றுகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை வைத்துக்கொண்டுதான் அவுஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தில், கிளெயார் ரிக்கார்ட் என்ற தாதியியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் மூன்று ஆஸ்பத்திரிகளில் 3,283 நோயாளிகளை வைத்து ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு மூன்றாம் நாள் கட்டாயம் மாற்றினார்கள். மற்றப் பகுதியினருக்கு வீக்கமோ நோவோ அடைப்போ வந்தால் மட்டும் மாற்றினார்கள். நாள அழற்சி, அதாவது குழாய் போட்ட நரம்பு சிவந்து நோவது, இரண்டு பக்கத்திலும் 7 சதவீதம். 2012இல் லான்செற் இதழில் வந்தது. டொக்டர்மாரின் பெருமைக்குரிய இதழில் தாதிமார் கேட்ட கேள்வி. கொக்ரேனும் இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறது. 2019 பதிப்பில் 9 ஆய்வுகள், 7,400க்கு மேற்பட்ட நோயாளிகள். தொற்றிலும் அழற்சியிலும் தெளிவான வித்தியாசம் இல்லை. தேவைப்படும்போது மட்டும் மாற்றினால் செலவு குறைவு. ஆனால் மருந்து வெளியே கசிவதும் குழாய் அடைபடுவதும் கட்டாயம் மாற்றிய பக்கத்தில் கொஞ்சம் குறைவாக இருந்தன. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

உடனே நாளைக்கே வோட்டில் போய் மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். அது ஒழுங்கும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஏனென்றால் குயின்ஸ்லாந்து வோட்டும் எங்கள் வோட்டும் ஒன்றில்லை. அங்கே கனூலாவுக்கு மேல் ஒட்டுவது என்ன, எங்களிடம் இருப்பது என்ன? சித்திரை வெயிலில், மின்விசிறி மெல்லச் சுற்றுகிற வோட்டில், வேர்வையில் பிளாஸ்டர் எத்தனை மணி நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும்? தேவைப்பட்டால் மட்டும் மாற்றுவதென்றால் ஒவ்வொரு டியூட்டியிலும் யாராவது கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரவில் முழு வோட்டுக்கும் எத்தனை பேர் நிற்கிறீர்கள்? இவற்றுக்கெல்லாம் லான்செற்றில் விடை இல்லை. விடையைத் தேடத் தொடங்கக்கூடியவர் அந்த வோட்டில் நிற்கிற நீங்கள். இதைத்தான் உலகத்தோடு பேச ஒன்றும் இல்லை என்று எழுதினீர்களா?

இந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு பழைய விஷயம் இருக்கிறது. சமாதான காலத்தில், பாதை திறந்திருந்த நாட்களில், என் அக்காவைச் சுருட்டைப் பாம்பு கடித்தது. பழைய வேலியைப் பிரித்துக் கிடுகை அள்ளும்போது கையில் பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். விஷமுறிவு மருந்தைக் குதிரை இரத்தத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். உடம்பு அதை ஏற்காமல் நடுக்கமும் அரிப்பும் மூச்சுத்திணறலும் வருவது சாதாரணம். அது வராமல் தடுக்க முதலில் இரண்டு ஊசி போடுவது அன்றைய வழக்கம். சேவைக்கு வந்து கொஞ்ச நாளே ஆன ஓர் இளம் பெண் டொக்டர் பெரிய டொக்டரிடம் மெதுவாகக் கேட்டார்: "சேர், இந்த ரெண்டு ஊசியும் உண்மையிலை தடுக்குமோ?" அவ்வளவுதான். நோயாளிகள், பார்க்க வந்தவர்கள், தாதிமார் எல்லாரும் நிற்கும்போது அவர் கத்தினார். "நீர் படிச்சு வந்து எவ்வளவு காலம்? என்னட்டைக் கேள்வி கேக்கிறீரோ?" ஊசி போடப்பட்டது. அக்காவுக்கு நடுக்கமும் வந்தது, பிறகு சுகமும் வந்தது. அந்த இளம் டொக்டர் அதற்குப் பிறகு சுற்றில் வாய் திறந்ததை நான் காணவில்லை. அக்கா அங்கே கிடந்த நாளெல்லாம் அவர் பெரியவருக்குப் பின்னால் கடைசி ஆளாக, கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். இப்போது எந்த நாட்டில் இருக்கிறாரோ.

அவர் கேட்ட அதே கேள்விக்குப் பிறகு விடை வந்தது. வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து வரவில்லை, இலங்கையிலிருந்தே வந்தது. களனிப் பல்கலைக்கழகத்தவர்கள் முன்னின்றார்கள். ஒக்ஸ்போர்ட்டிலும் லிவர்பூலிலும் இருந்த ஆய்வாளர்கள் கூட நின்றார்கள். பாம்பு கடித்து வந்த 1,007 பேர், எல்லாரும் எங்கள் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தவர்கள். விஷமுறிவு மருந்துக்கு முன் அட்ரினலின், புரொமெதசின், ஹைட்ரோகோர்ட்டிசோன் ஆகியவற்றில் எது உண்மையில் உதவுகிறது என்று பார்த்தார்கள். குறைந்த அளவு அட்ரினலின் முதல் மணித்தியாலத்தில் கடுமையான எதிர்விளைவுகளை 43 சதவீதம் குறைத்தது. மற்ற இரண்டும் உதவவில்லை. ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்தபோது அட்ரினலினால் கிடைத்த பயனும் இல்லாமல் போயிற்று. 2011இல் பிளொஸ் மெடிசின் இதழில் வந்தது. காலங்காலமாக நம்பிப் போட்ட ஊசிகள் அவை. கெட்ட எண்ணத்தோடு யாரும் போடவில்லை. கேட்டுப் பார்க்காமல் போட்டார்கள்.

அந்த ஆய்வை நன்றாக யோசித்துப் பாருங்கள். லிவர்பூலில் ஒருவர் தனியே இருந்து அதைச் செய்திருக்க முடியாது. அங்கே சுருட்டையும் இல்லை, புடையனும் இல்லை, நடுச்சாமத்தில் ட்ராக்டரில் ஏற்றிக்கொண்டு வரும் கமக்காரனும் இல்லை. அதே நேரம், ஆயிரம் பேரை எப்படிப் பிரிப்பது, யாருக்கு எது போனது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் எப்படி வைப்பது, கணக்கை எப்படிப் பார்ப்பது என்பவற்றில் நீண்ட காலம் பழகிய கைகளும் வேண்டியிருந்தன. கேள்வியும் நோயாளியும் இங்கே. பழகிய கை அங்கும் இங்கும். ஒரு சர்வதேச வலையமைப்பு இந்த இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டும். சேர்த்துவைக்காமல் சேர்ட்டிபிக்கற் மட்டும் அனுப்புகிற வலையமைப்பாக இருந்தால் நீங்கள் தாராளமாக வெளியே வரலாம். எங்கள் பிள்ளைகள் பலர் சூம் கூட்டத்தில் கமராவை மூடிவிட்டு இருந்து, முடிவில் சேர்ட்டிபிக்கற்றைப் பதிவிறக்கிச் சுயவிவரத்தில் ஒரு வரி கூட்டுகிறார்கள். அதற்காகத்தான் சேர்வதென்றால் வேண்டாம், அந்த இரவு தூங்குங்கள். உங்கள் உடம்புக்காவது நல்லது.

கொக்ரேன் என்று நீங்கள் எழுதியதால் ஒன்று சொல்கிறேன். அந்த அமைப்பு 1993இல் தொடங்கியது. பெயருக்குரிய ஆர்ச்சி கொக்ரேன் 1941இல் கிரேக்கத்தில், சலோனிக்காவில், ஜெர்மானியரின் போர்க்கைதி முகாமில் வைத்தியராக இருந்தார். வயது முப்பத்திரண்டு. அவரும் கைதிதான். பசியில் கைதிகளின் கால்கள் வீங்கின, அவருடைய காலும் வீங்கியது. மருந்து இல்லை. இருபது பேரை ஒற்றை இலக்கம் இரட்டை இலக்கம் என்று எண்ணிப் பிரித்து இரண்டு அறைகளில் வைத்தார். ஓர் அறைக்கு ஈஸ்ட், மற்ற அறைக்கு விற்றமின் சி. எங்கள் வீடுகளில் பாணில் பூசுகிற மாமைட் அந்த ஈஸ்டில் செய்வதுதான். நாலாம் நாள் ஈஸ்ட் அறைக்காரர்களில் பெரும்பாலானோருக்குச் சுகம் தெரிந்தது, மற்ற அறையில் இல்லை. குறிப்பைத் தூக்கிக்கொண்டு ஜெர்மானியரிடம் போனார், முகாமுக்கு ஈஸ்ட் வந்தது. கால் வீக்கத்துக்குக் காரணம் என்று அன்றைக்கு அவர் நினைத்தது சரியில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், பனடோலுக்கும் சேலைனுக்கும் தடை இருந்த ஊரில் வேலை செய்த எங்கள் டொக்டர்மாரும் தாதிமாரும் எவ்வளவோ பார்த்திருப்பார்கள், எவ்வளவோ செய்து பார்த்திருப்பார்கள். அவற்றில் எழுதி வைக்கப்பட்டது மிகக் கொஞ்சம். அந்த அனுபவம் அவர்களோடு ஓய்வூதியத்துக்குப் போய்விட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

மூத்தவர்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கீழ் வேலை செய்கிற பிள்ளை ஏன் என்று கேட்டால் உங்கள் மரியாதை ஒன்றும் குறையாது. "தெரியாது, வாரும் தேடிப் பார்ப்போம்" என்று நீங்கள் சொல்கிற நாளில் அந்தப் பிள்ளைக்கு வெளிநாட்டு வலையமைப்பு பாதிதான் தேவைப்படும். நீங்கள் கத்துவதால்தான் அந்தப் பிள்ளை ஏழாயிரம் எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவரிடம் இரவில் போய்க் கேட்கிறது.

சரி பிள்ளை, பாடநெறி கேட்டீர்கள். பாடநெறியை இப்போதைக்கு விடுங்கள். கொக்ரேன் கிரவுட் என்று ஒரு வேலைத்தளம் இருக்கிறது. பட்டம் வேண்டாம், ஆங்கிலம் பேச வேண்டாம். ஆய்வுச் சுருக்கங்களை வாசித்து, அது நோயாளிகளைச் சீரற்ற முறையில், குலுக்கல் போல, பிரித்துச் செய்த ஆய்வா இல்லையா என்று அடையாளம் வைக்க வேண்டும். முதலில் பயிற்சி தருவார்கள். ஒரே சுருக்கத்தைப் பலர் பார்ப்பதால் உங்கள் பிழையால் உலகம் கவிழ்ந்துவிடாது. ஓய்வு நாளில் அரை மணி நேரம் செய்யுங்கள். ஆய்வு எப்படி இருக்கும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும். கொக்ரேனின் எளிய சுருக்கங்கள் பல தமிழிலும் இருக்கின்றன, அம்மாவுக்கும் வாசித்துக் காட்டலாம்.

அப்புறம் ஒரு கொப்பி வாங்குங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். கனூலா எந்தக் கையில், எந்த நாள் போட்டது, மேலே எது ஒட்டினீர்கள், எந்த நாள் சிவந்தது அல்லது அடைத்தது, எத்தனை முறை குத்த வேண்டி வந்தது. இவ்வளவும் போதும். தொடங்குமுன் வோட் சிஸ்டரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். சேகரித்ததை ஆய்வாக்க நினைத்தால் நெறிமுறைக் குழுவிடமும் போக வேண்டும். யாழ் மருத்துவ பீடத்தில் அதற்குக் குழு இருக்கிறது. ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். பிறகு அந்த வலையமைப்பில் சேருங்கள். முதல் கூட்டத்தில் தன்னை அறிமுகப்படுத்தச் சொல்வார்கள். பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, எங்கள் வோட்டில் கனூலாவை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறோம், என்னிடம் ஒரு மாதக் கணக்கு இருக்கிறது, இதை எப்படிச் சரியாகப் பார்ப்பது என்று கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்