சர்க்கரையால் பாதம் எரிகிறது, வலி மாத்திரை கேட்கவில்லை: என்ன செய்யலாம்?

அப்பாவுக்கு 15 வருஷமாகச் சர்க்கரை, ராத்திரியானால் பாதம் நெருப்பாய் எரிகிறது என்கிறார், தொட்டால் ஜில்லென்று இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாராவது "சும்மா சொல்றார்" என்றிருப்பார்கள். சும்மா இல்லை. எரிவது தோல் அல்ல, நரம்பு. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. சர்க்கரை முதலில் அவற்றின் நுனியைத்தான் அரிக்கும். அதனால்தான் சாக்ஸ் போட்ட மாதிரி இரண்டு காலிலும் ஒன்றாக ஏறி வருகிறது. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இதற்குக் கேட்காது. தினமும் போட்டால் கிட்னிதான் கெடும்.

டாக்டர் பெரும்பாலும் ப்ரீகாபாலின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் இவற்றில் ஒன்றைத்தான் எழுதுவார். பின்னிரண்டும் மனச்சோர்வுக்கும் கொடுப்பவை. "எனக்கென்ன பைத்தியமா" என்று அப்பா தூக்கிப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரீகாபாலின் வழக்கமாக ராத்திரி 75 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுவது. கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், அந்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். முதல் வாரம் தலை சுற்றும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கும்போதுதான் விழுவார்கள், கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். மூன்றே நாளில் "பிரயோஜனமில்லை" என்று விடக் கூடாது, இரண்டு வாரமாவது பார்க்க வேண்டும். நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான். ப்ராஸ்டேட், இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம் இருந்தால் அமிட்ரிப்டிலின் எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறாரா? ரத்தத்தில் வைட்டமின் பி12 ஒருமுறை பாருங்கள். அந்த மாத்திரை அதைக் குறைக்கும், குறைந்தாலும் இதே எரிச்சல்தான். குறைவு இல்லையென்றால் சத்து மாத்திரைகளை அடுக்காதீர்கள். பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். இதில் ஒரு வயிற்றெரிச்சல்: ப்ரீகாபாலினோடு மெத்தில்கோபாலமின் (பி12-தான்) சேர்ந்த மாத்திரை ஒரு பெயரில், தனி ப்ரீகாபாலின் இன்னொரு பெயரில். கடையில் பட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்டுப் போகும். ஒரே மருந்தை இரண்டாக விழுங்கிவிட்டு வயசானவர் தள்ளாடினால் "சுகர் இறங்கிடுச்சு" என்று சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பார்கள். முழுப் பட்டையாகவே வாங்குங்கள்.

ராத்திரிக்கு ஒரு சின்ன ஏற்பாடு. போர்வை உரசினாலே சிலருக்கு உயிர் போகும். அட்டைப்பெட்டி ஒன்றின் இரண்டு எதிர்ப்பக்கங்களை வெட்டிக் கூடாரம் மாதிரி பாதத்துக்கு மேல் கவிழ்த்து, அதன்மேல் போர்வையைப் போடுங்கள்.

வெந்நீர் ஒத்தடம், ஐஸ் இரண்டும் வேண்டவே வேண்டாம். எரிகிற அதே பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். கழுவும் தண்ணீரை வேறொருவர் முழங்கை வைத்துப் பார்க்கட்டும். "எங்க தாத்தா வெந்நீர்லதான் காலை வைப்பார்" என்று பின்னூட்டம் போட வருபவர்களே, உங்கள் தாத்தாவுக்குச் சூடு தெரிந்திருக்கும்.

சர்க்கரையைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 12-லிருந்து மூன்று மாதத்தில் 7-க்கு விழுந்தால் எரிச்சல் சில மாதம் இன்னும் ஏறலாம்.

ஒரு கால் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் வலி இல்லாவிட்டாலும் நடக்க விடாதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.