அந்த 20 சதவீதம் மிச்சமா?

அன்புள்ள அண்ணா,

ஹட்டனில் இருந்தபடி ஒரு நிறுவனத்தின் சர்வர்களைக் கவனிக்கிறேன். நெரிசலான நேரத்தில் பக்கம் திறக்கவே மிகத் தாமதமாகிறது. மேலாளரோ, "சிபியு 80 சதவீதம்தானே ஓடுகிறது, 20 மிச்சம் இருக்கிறதே, புது மெஷின் எதற்கு?" என்கிறார். த்ரூபுட், யூடிலைசேஷன், ரெஸ்பான்ஸ் டைம் எல்லாம் எனக்கே குழம்புவதால் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மேலாளர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 20 சதவீதத்தை மிச்சம் என்று எண்ணக்கூடாது. வரிசை நீளாமல் இருப்பதே அதனால்தான்.

தேயிலைத் தோட்டத்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து சேர்க்கும் கொட்டகையில், கொழுந்து நிறுக்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் அம்மாவுக்காகக் காத்துநின்று நான் அதிகம் பார்த்தது அந்த வரிசையைத்தான். ஒருவரின் கொழுந்தை நிறுத்து எழுத 30 வினாடி என்று வைப்போம். அது சர்வீஸ் டைம். ஒரே தராசு என்றால் மணிக்கு 120 பேருக்கு மேல் முடியாது, அது கொள்ளளவு. உண்மையில் 96 பேர் நிறுத்துப் போனால் அது த்ரூபுட். தராசு 80 சதவீத நேரம் வேலையில் இருந்திருக்கிறது, அது யூடிலைசேஷன். வந்து நின்றதிலிருந்து கிளம்பும்வரை ஆகும் நேரம் ரெஸ்பான்ஸ் டைம்.

ஆட்கள் சீரான இடைவெளியில் ஒவ்வொருவராக வந்தால் யாரும் காத்திருக்க வேண்டாம். ஆனால் மலையிலிருந்து நாலு பேர் சேர்ந்து இறங்குவார்கள், அப்புறம் கொஞ்ச நேரம் ஆளே இருக்காது. தராசு சும்மா கிடந்த அந்த நேரத்தை எடுத்துவைத்து, கூட்டம் வரும்போது பயன்படுத்த முடியாது. வரத்தும் வேலை நேரமும் இப்படி ஒழுங்கில்லாமல் இருக்கும்போது, எளிய மாதிரி ஒன்று சொல்வது இது: சர்வீஸ் டைமை, தராசு சும்மா இருக்கும் பங்கால் (80 சதவீதம் என்றால் 0.2-ஆல்) வகுங்கள், சராசரி ரெஸ்பான்ஸ் டைம் கிடைக்கும். 50 சதவீதத்தில் சராசரி 60 வினாடி. 80-இல் 150 வினாடி. 90-இல் 5 நிமிடம். 95-இல் 10 நிமிடம்! 80-இலிருந்து 90-க்குப் போக மணிக்கு 12 பேர் கூடினால் போதும். எல்லோருக்கும் நேரம் இரட்டிப்பாகிவிடும். மேலாளரிடம் இந்த எண்களையே காட்டுங்கள். பல கோர்கள், அதாவது பல தராசுகள் போல, உள்ள சர்வரில் இந்த ஏற்றம் சற்றுத் தள்ளித் தொடங்கும், ஆனால் தொடங்கும்.

இன்னொரு கணக்கு எனக்கு மிகப் பிடித்தது. 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்தது. உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை, வரும் வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். மணிக்கு 96 பேர், ஆளுக்கு 150 வினாடி என்றால், மடுவத்தில் சராசரியாக 4 பேர். வரத்து ஒழுங்காக இருக்கிறதா இல்லையா என்ற கவலையே இதற்கு வேண்டாம். சர்வரின் பதிவான லாகில் இந்த மூன்றில் இரண்டு எண்கள் இருந்தால் மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம், அந்த 80 எந்த நேரத்துச் சராசரி என்று கேளுங்கள். நாள் முழுவதின் சராசரி என்றால், நெரிசலான அந்த ஒரு மணி நேரத்தில் அது 100-ஐத் தொட்டிருக்கலாம். உச்ச நேரத்தைத் தனியாக அளக்க வேண்டும்.

மெஷின் கேட்பதற்கு முன் இடுக்கு எங்கே என்றும் பாருங்கள். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் இடம் நிறைந்துவிட்டால், அடுத்து அதை உருட்டும் ரோலர் எத்தனை இருந்தாலும் அன்றைய தேயிலை கூடாது. உங்களுக்கும் டேட்டாபேஸோ டிஸ்க்கோ அடைத்துக்கொண்டிருந்தால், புது சிபியு வந்தாலும் வரிசை அப்படியே நிற்கும். ஒரு வாரம் அளந்து, எண்களை எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.