மோர்ட்டல் காம்பாட் என்ற சண்டை வீடியோ கேமின் முதல் பாகம்: சூப்பர் நின்டெண்டோ பதிப்பு நல்லதா, சேகா ஜெனிசிஸ் பதிப்பு நல்லதா?

இரண்டுமே டிவியில் மாட்டி ஆடும் கேம் கருவிகள். காட்சித் தரத்துக்குச் சூப்பர் நின்டெண்டோதான். அது திரையில் ஒரே நேரத்தில் 256 நிறங்கள் வரை காட்டும், ஜெனிசிஸுக்கு 64தான். நிஜ நடிகர்களைப் படம்பிடித்துச் செய்த கேம் என்பதால், அந்த வித்தியாசம் முகத்திலும் தோலிலும் பளிச்சென்று தெரியும்.

ஆனால் 1993 செப்டம்பரில் இரண்டும் ஒரே நாளில் அமெரிக்காவில் வந்தபோது, அதிகம் விற்றது ஜெனிசிஸ் பதிப்பு. காரணம் ரத்தம்! நின்டெண்டோ அதை அனுமதிக்கவில்லை. குத்து விழுந்தால் சாம்பல் நிற வியர்வைதான் தெறிக்கும். சேகாவிலும் முதலில் ரத்தம் இருக்காது. ஆரம்பத்தில் வரும் வாசகத் திரையில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று பட்டன்களைத் தட்டினால் வந்துவிடும்.

ரத்தமில்லாத மோர்ட்டல் காம்பாட் உப்பில்லாத சாம்பார் மாதிரி. இசை கொஞ்சம் கரகரத்தாலும் சரி, நான் ஜெனிசிஸைத்தான் எடுப்பேன்.