ராஜினாமா வேண்டாம், அந்தப் பட்டியலும் வேண்டாம்

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நான் வேலை கற்றுக்கொடுத்த ஆண் ஊழியருக்கு என்னைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சம்பளம். கேட்டால், ‘உங்கள் கணவர் சம்பாதிக்கிறாரே’ என்கிறார் மேலாளர். எங்கள் அலுவலகத்தில் பெண்களின் சராசரி ஊதியமே குறைவு. எல்லோருடைய ஊதியப் பட்டியலையும் என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். ராஜினாமா செய்துவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ராஜினாமா செய்யாதீர்கள்.

மேலாளரின் பேச்சு கேவலமானது. ஆனால் சாட்சி இல்லாமல் சொன்ன சொல்லை நம்பி வழக்கு நடத்த முடியாது. சராசரிக் கணக்கையும் விட்டுவிடுங்கள். மேல்பதவிகளில் ஆண்களே நிறைந்திருந்தால் சராசரி அப்படித்தான் வரும். அதை வைத்து உங்கள் நிலுவையை வாங்க முடியாது. நீங்களும் அந்த ஊழியரும் செய்வது ஒரே வேலையா, ஒத்த தன்மையுள்ள வேலையா என்பதுதான் வழக்கு. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் திறமை, உழைப்பு, பொறுப்பு ஆகியவற்றைப் பார்த்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டது. அவர் வேறிடத்தில் பெற்ற அனுபவத்தைத்தான் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைக்கும். பதவிப் பெயர் வேறு என்பார்கள். அதற்கு அஞ்ச வேண்டாம். பெண் சுருக்கெழுத்தாளர்களை ‘அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர்கள்’ என்று தனி வகையாக்கிக் குறைத்துக் கொடுத்த மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தின் வாதத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பணமில்லை என்ற வாதமும் எடுபடவில்லை.

எனக்குக் கவலை தருவது அந்த மின்னஞ்சல். இதே தவறைச் செய்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுவனம் சம்பளக் கேள்விக்குப் பதிலே சொல்லாது. ரகசியத் தகவலை வெளியே கொண்டுபோனதாகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கும். அன்றோடு நியாயம் கேட்டவர் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவார். ஒத்த வேலை என்பதற்கு அசைக்க முடியாத ஆதாரம் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு, உள்விசாரணை முழுவதும் ஒரே ஒரு மின்னஞ்சலைப் பற்றியே நடந்தது. பதறிப்போய் அதை இப்போது அழிக்கவும் கூடாது. அனுப்பிய தடம் அலுவலகக் கணினியில் இருக்கும், அழித்தது தனிக் குற்றச்சாட்டாகும். யாருக்கும் காட்டாமல், நேரே ஒரு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். ஊதியப் பதிவேடுகளைத் தாக்கல் செய்யும்படி விசாரிக்கும் அதிகாரியிடமே கேட்கலாம்.

உங்கள் கையில் இருக்க வேண்டியவை வேறு: இருவருக்கும் வேலை ஒதுக்கிய கடிதங்கள், அவருக்கு நீங்கள் பயிற்சி கொடுத்ததற்கான பதிவு, மாதக் கணக்கு முடிப்பில் யார் எதற்குப் பொறுப்பு என்ற விவரம். இவற்றை வைத்து, பட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், எழுத்து மூலம் முறையிடுங்கள். காலவரம்பு மூன்று ஆண்டுகள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய நிலுவையில் ஒரு மாதத்தை இழக்கிறீர்கள்.

சம்பளத்தைச் சமமாக்கி, நிலுவையில் ஒரு பகுதியாவது தருவதாகச் சொன்னால் சமரசத்துக்குச் சம்மதியுங்கள். அந்த மின்னஞ்சல் இருக்கும்வரை கடைசிவரை போராடும் வலு உங்கள் பக்கம் இல்லை. ஆனால் அதற்காக உங்கள்மீது நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தராமல் கையெழுத்திடாதீர்கள்.