குழந்தைகளோடு வேலை செய்யும் சிறு அமைப்பில் பாதுகாப்பு விதிகள் போட்டால், மனமுவந்து சேவை செய்ய வருகிறவர்களைச் சந்தேகப்படுவது போல ஆகாதா?

ஆகும். சிலருக்கு மனம் நோகத்தான் செய்யும். எங்கள் மையத்தில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டிய வாரத்திலேயே இரண்டு தன்னார்வலர்கள் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். அந்த இருவர் மீதும் எனக்குத் துளிச் சந்தேகமும் இருந்ததில்லை. இருந்தும் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகளாக ஓர் அறக்கட்டளையின் மாலை நேரப் படிப்பு மையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஊர் பெயரை எழுத மாட்டேன், காரணம் பின்னால் வரும். வாடகை வீடு. கீழே இரண்டு அறை, மாடியில் ஒன்று. ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஆறு மணிக்குச் சுண்டல், எட்டு மணிக்கு வீடு.

மாடி அறைக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். கணக்கை அழகாகச் சொல்லிக்கொடுப்பார். அவர் உள்ளே வந்தால் பெற்றோர் எழுந்து நிற்பார்கள். எட்டு மணிக்குப் பிறகு ஒரே ஒரு பையனுக்கு மட்டும் மாடியில் தனியாகப் பாடம் நடக்கும். முடிந்ததும் அவரே பைக்கில் கொண்டுபோய் வீட்டில் விடுவார். பையனின் அம்மா என்னிடம் வந்து, "சார் புண்ணியத்தில் இவன் தேறிவிடுவான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுக்குச் சுண்டல் அவித்துப் போடும் அக்கா ஒருவர் உண்டு. "மாடியில் எதற்குக் கதவைச் சாத்திக்கொள்கிறார்?" என்று ஒரு நாள் கேட்டார். கொசு வரும் என்றேன். சில நாள் கழித்து, "அந்தப் பையன் இப்போதெல்லாம் சுண்டல் வாங்க வருவதில்லையே" என்றார். பரீட்சை நேரம் என்றேன். மூன்றாவது முறை அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பையனைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, அண்டாவுக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார வைத்து, "அக்காவிடம் சொல்லுடா" என்றார்.

அவன் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

இத்தனைக்கும் எங்களிடம் புகார்ப் பெட்டி இருந்தது. வெளியூர் நிறுவனம் ஒன்று நிதி தரும்போது கேட்டதற்காக, "குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை" என்று பதினான்கு பக்கமும் இருந்தது. எங்கிருந்தோ எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தது. அன்று இரவு பெட்டியைத் திறந்து பார்த்தேன். மிட்டாய்த் தாள்கள், ஒரு செருப்பு வார், "எங்களுக்கு ரப்பர் பந்து வேண்டும்" என்றொரு சீட்டு. பெட்டியை மாட்டியிருந்த இடம் மாடிப்படிக்கு நேர் எதிரே. அவர் ஏறி இறங்கும் வழியில், அவர் பார்க்க, எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்?

மறுநாள் அறங்காவலர் கூட்டம் கூடியது. பையனின் எதிர்காலம், மையத்தின் பெயர், நன்கொடை என்று பேச்சு போனது. சத்தமில்லாமல் அவரை நிறுத்திவிடலாம் என்று முடிவானது. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் தலையாட்டினேன். போதாக்குறைக்கு, "நாமே முதலில் விசாரித்துவிடுவோம்" என்று மூன்று பெரியவர்கள் அந்தப் பையனை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டோம். மூன்றாவது ஆள் கேட்டபோது, "ஒன்றும் நடக்கவில்லை" என்றான். இதைவிடப் பெரிய தவறு நாங்கள் செய்ததில்லை. பிள்ளை சொன்னால் ஒருவர் கேட்டால் போதும். அவன் சொன்ன வார்த்தைகளையே தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். விசாரிப்பது நம் வேலை அல்ல.

அன்று இரவு தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் போனில் பேசினேன். அவர் என்னைத் திட்டவில்லை, சட்டத்தைச் சொன்னார். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவு. குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், யாராக இருந்தாலும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். ஆதாரத்தைத் திரட்டிக்கொண்டு வா என்று சட்டம் கேட்கவில்லை. சொல்லாமல் மறைத்தால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்கிறவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்கு எதுவும் வராது. "சத்தமில்லாமல் நிறுத்திவிட்டால் அவர் அடுத்த தெருவில் டியூஷன் ஆரம்பிப்பார். அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு" என்றார். இது சட்டத்தில் இல்லாத வரி. எனக்கு உறைத்தது அதுதான்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். ஆண் பிள்ளை என்றால் இந்தச் சட்டம் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாருக்கும் செல்லும். காவல் நிலையம் என்றதும் பையனின் அம்மா நடுங்கிப்போனார். ஆனால் வாக்குமூலம் வாங்கப் பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் சுடிதாரில் அவர்கள் வீட்டுக்கே வந்தார், பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். சீருடையில் வரக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. வழக்கு நடக்கிறது. பிள்ளையின் பெயர் மட்டுமல்ல, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 23ஆவது பிரிவு. ஊர் பெயரை நான் எழுதாததும் சில விவரங்களை மாற்றியிருப்பதும் அதனால்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆளைப் பார்த்து நல்லவர், கெட்டவர் என்று பிரிக்கும் திறமை எனக்கு இல்லை என்பதைப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே ஆளைப் பார்க்காமல் அறையைப் பார்க்க ஆரம்பித்தோம். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் மட்டும் மூடிய அறைக்குள் இருக்கக் கூடாது. மாடி அறைக் கதவில் கண்ணாடி பதித்தோம். கழிவறைக்குப் போகும் நடையில் விளக்குப் போட்டு, உள்தாழ்ப்பாளைச் சரிசெய்தோம். பைக்கில் ஏற்றிக்கொண்டு போவது கிடையாது. பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்புவது கிடையாது, பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும். பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட வரும் நன்கொடையாளர்கள் பிள்ளைகளைப் படம் பிடித்துப் போடுவதையும் நிறுத்தினோம். அதில் ஓர் ஆண்டுக்கான அரிசி நன்கொடை போனது, போகட்டும்.

காவல்துறைச் சரிபார்ப்பை 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்கள் எல்லாருக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் செய்ய வேண்டும், பயிற்சியும் கொடுக்க வேண்டும். நாங்கள் தன்னார்வலர்களுக்கும் சேர்த்துச் செய்கிறோம். ஆனால் அந்தச் சான்றிதழை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இதுவரை மாட்டாதவர் பெயர் அதில் வராது. எங்கள் மின்விசிறிக்காரருக்குக் கேட்டிருந்தாலும் சுத்தமாகத்தான் வந்திருக்கும். நான் அதைவிட அதிகம் நம்புவது ஒரு போன் அழைப்பை. இதற்கு முன் அவர் வேலை செய்த இடத்தில், "திரும்ப வந்தால் பிள்ளைகளோடு விடுவீர்களா?" என்று கேட்பேன். பதில் வரத் தாமதமானால் புரிந்துவிடும்.

புகார்ப் பெட்டியைக் கழற்றிவிட்டோம். ஒவ்வொரு பிள்ளையும், "எதுவானாலும் இவரிடம் சொல்வேன்" என்று தனக்குப் பிடித்த பெரியவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தோம். பாதிக்கு மேல் சுண்டல் அக்காவைச் சொன்னார்கள். என்னைச் சொன்னவர்கள் நான்கு பேர். முதல் பயிற்சிக்கு அந்த அக்காவைத்தான் அனுப்பினோம். வெளியே சொல்ல வேண்டுமானால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு எழுதியிருக்கிறோம். இலவச எண், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சின்னப் பிள்ளைகள் அதைப் பாட்டாகவே படித்து வைத்திருக்கிறார்கள்.

கோபித்துக்கொண்டு போன இருவரில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "முப்பத்தெட்டு வருடம் வாத்தியாராக இருந்தவனுக்குக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லித் தருகிறாயா அம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அதே நாளில் கல்லூரி மாணவர் ஒருவர் தனியாக வந்து, "இது நல்லதுதான் அக்கா. பிள்ளைகள் மடியில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்றே தெரியாமல் பயந்துகொண்டிருந்தேன். இனிமேல் விதி என்று சொல்லிவிடலாம்" என்றார். அவருக்கு அப்படி ஒரு பயம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

தலைமையாசிரியர் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். என்னோடு இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாடி அறைக் கதவு காற்றுக்குத் தானே சாத்திக்கொள்ளும். வெளியே கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துவந்து, செய்தித்தாளில் சுற்றி, கதவுக்கு அண்டை கொடுத்திருக்கிறார். பாடம் முடிந்து போகும்போது அதை எடுத்து அலமாரிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறார்.